மெய்ப்பு: சொல் விளக்கம்

அச்சகங்களிலும் நாளிதழ் அலுவலகங்களிலும் ‘புரூஃப்’ என்று வழங்கிவரும் சொல்லுக்கு எழுத்துத் தமிழில் நிலைபெற்றுள்ள இணைச்சொல் ‘மெய்ப்பு’. இறுதியாக அச்சிடுவதற்கு முன், மூலப்படியோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக எடுக்கப்படும் சோதனைப் படியையே அது குறிக்கும். பலரும் அதை வேலையின் பெயராக எழுதுகிறார்கள். உண்மையில் அது தாளின் பெயர். அந்தத் தாளை வைத்துச் செய்யும் வேலை ‘மெய்ப்பு நோக்குதல்’. பேச்சில் ‘புரூஃப் பார்த்தல்’.

‘புரூஃப்’ என்ற ஆங்கிலச் சொல் பழைய பிரெஞ்சு வழியாக, லத்தீனின் ‘ப்ரொபாரே’ என்னும் வினையிலிருந்து வந்தது. அவ்வினைக்குச் சோதித்தல், ஏற்றல், நிரூபித்தல் ஆகிய பொருள்கள் உண்டு. அச்சுத்தொழில் அவற்றுள் சோதித்தலை எடுத்துக்கொண்டது. தமிழில் ‘மெய்ப்பு’ என்பதோ நிரூபித்தல் என்ற பொருளுடைய ‘மெய்ப்பித்தல்’ என்னும் வினைக்கு உறவான சொல். ஆகவே சொல்லாக்கத்தில் பொருள் சற்று இடம் மாறியிருக்கிறது என்று ஒருவர் குறை கூறலாம். எனினும் மூலப்படிக்கு அச்சுப்படி மெய்யாக நிற்கிறதா என்று பார்ப்பதுதான் இங்கே நடக்கும் சோதனை என்பதால், இச்சொல் பொருந்தியே இருக்கிறது. உடல், உண்மை என்னும் பொருள்களோடு ஒற்றெழுத்தையும் ‘மெய்’ குறிக்கும். தமிழ் அச்சில் மிகுதியாகத் தவறுவது அந்த ஒற்றுதான் என்பது தற்செயலாக அமைந்த பொருத்தம்.

ஈய எழுத்துக் காலத்தில், கோத்த எழுத்துகளை அடுக்கிவைக்கும் நீண்ட தட்டுக்குக் ‘கேலி’ என்று பெயர். அதிலிருந்து எடுக்கும் முதல் படி ‘கேலி புரூஃப்’. (அதைச் சரியாகப் பார்க்காவிட்டால் இதழ் எதற்கு ஆளாகும் என்பதையும் அந்தப் பெயரே தமிழ்க் காதுக்குச் சொல்லிவிடுகிறது.) ஒருவர் மூலப்படியைக் காற்புள்ளி, அரைப்புள்ளி உட்பட வாய்விட்டுப் படிக்க, மற்றவர் மெய்ப்பில் வரிவரியாகக் கண்ணோட்டி, பிழை கண்ட இடத்தில் குறியிட்டு, ஓரத்தில் திருத்தம் எழுதுவார். அக்காலப் பிழைகள் பெரும்பாலும் தலைகீழாக நின்ற எழுத்து, எழுத்துப் பெட்டியில் அறை மாறி விழுந்த எழுத்து, உடைந்த புள்ளி என்று பார்த்த மாத்திரத்தில் கண்ணை உறுத்துபவை.

இன்றைய நாளிதழ்ப் பிழை அப்படிப்பட்டதன்று. ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழைப் பெறும் ஒலிபெயர்ப்பு விசைப்பலகையில் ரகரத்துக்கும் றகரத்துக்கும், லகரத்துக்கும் ளகரத்துக்கும் இடையே இருப்பது மாற்றுவிசையின் (‘ஷிஃப்ட்’) ஓர் அழுத்தம் மட்டுமே. விரல் அதைத் தவறவிட்டால், ‘அரசு வரியைக் குரைத்தது’ என்று தலைப்பு வரும். ‘இரங்கல் கூட்டம்’ ‘இறங்கல் கூட்டம்’ ஆகும். தலைவர் ஆற்றிய ‘உரை’ தலையணையின் ‘உறை’ ஆகும். குரைத்தல், இறங்கல், உறை ஆகிய மூன்றும் அகராதியில் உள்ள நல்ல தமிழ்ச் சொற்கள் என்பதால், சொல்லைத் தனியே எடுத்துச் சோதிக்கும் பிழைதிருத்தி மென்பொருளுக்கு அவற்றில் குற்றம் தெரியாது. வரி நாயல்ல என்பதும், அரசும் குரைக்காது என்பதும் வாக்கியத்தைப் பொருளுணர்ந்து படிப்பவருக்குத்தான் தெரியும்.

மெய்ப்பு நோக்கும் பிரிவு பல இதழ்களில் சுருங்கியதற்குச் செலவு மட்டும் காரணமன்று. செய்தியாளர் தட்டச்சு செய்த கோப்பே பக்கத்தில் போய் உட்காரும் முறையில், மூலப்படி என்ற தனிப்பொருள் இல்லாமல் போயிற்று; ஒப்பிட எதுவும் இல்லாத இடத்தில் ஒப்பிடுபவர் எதற்கு என்ற எண்ணம் எழுந்தது. இது தலைகீழான தருக்கம் என்பதே என் கருத்து. முன்பு அச்சுக்கோப்பவரின் கையில் நேர்ந்த தவறு மூலப்படியை வைத்துப் பிடிபட்டது. இப்போது மூலத்திலேயே தவறு பிறப்பதால், அதைப் பிடிக்க இரண்டாம் ஆளின் கண் முன்னைவிடக் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

ஓர் அச்சுப்பிழையின் விலை ஒரு காலத்தில் பணமாகவே கணக்கிடப்பட்டது. 1631இல் லண்டனில் ராபர்ட் பார்க்கரும் மார்ட்டின் லூகாசும் அச்சிட்ட விவிலியத்தில், பத்துக் கட்டளைகளுள் ஒன்றில் எதிர்மறைச் சொல் விடுபட்டு, ‘விபசாரம் செய்வாயாக’ என்று பொருள்படும்படி அமைந்துவிட்டது. அதற்காக அவர்களுக்கு 300 பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது.

இதனோடு சேர்ந்த சொற்களையும் பிரித்து வழங்குவது நல்லது. ‘அச்சுப்பிழை’ என்பது அச்சேறிவிட்ட தவறு. ‘பிழைதிருத்தப் பட்டியல்’ என்பது ‘எர்ராட்டா’வுக்கு நேர், அந்த லத்தீன் சொல்லின் வேர் வழிதவறி அலைதலைக் குறிக்கும். வேலையைச் செய்பவரைச் சிலர் சுருக்கமாக ‘மெய்ப்பர்’ என்று எழுதுகிறார்கள். ‘மெய்ப்பு நோக்குநர்’ என்று நீட்டி எழுதுவதையே நான் விரும்புகிறேன். ‘மெய்ப்பர்’ என்பதில் கொம்புக்கு ஒரு சுழி கூடிவிட்டால், அவர் ஆடுகளின் பின்னே போய்விடுவார்.