மூச்சு திரும்பும் இடத்தில் என்ன நடக்கிறது?

"இணையத்தில் தந்திர தியான வகுப்பு ஒன்றில் சேர்ந்திருக்கிறேன். மூச்சு உள்ளே போய்த் திரும்பும் இடத்திலும் வெளியே போய்த் திரும்பும் இடத்திலும் கவனத்தை வைக்கச் சொல்கிறார்கள். அந்த இடத்தில் உடம்பில் நிஜமாகவே ஏதாவது நடக்கிறதா, அல்லது நம்பிக்கைதானா?" என்று கோவை வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்.

நடக்கிறது. நிறையவே நடக்கிறது. அதற்கு முன் இந்தப் பயிற்சி எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். தந்திரம் என்றதும் நம் ஊரில் பில்லி சூனியமும் எலுமிச்சம்பழமும்தான் நினைவுக்கு வருகின்றன. வெளிநாட்டு இணையதளங்களில் தேடினால் காமக்கலை வந்து நிற்கும். மூல நூல்களைத் திறந்து பார்த்தால் இரண்டுமே எவ்வளவு அநியாயம் என்று புரியும்.

வாசகி சொல்லும் பயிற்சி 'விஞ்ஞான பைரவம்' என்ற சமஸ்கிருத நூலில் இருக்கிறது. சுமார் 9ஆம் நூற்றாண்டு வாக்கில் காஷ்மீர சைவர்கள் போற்றிய நூல்; 1918இல் காஷ்மீர் அரசின் நூல் வரிசையில் அச்சேறியது. தேவி கேட்கிறாள், பைரவர் பதில் சொல்கிறார். பதிலாக வருபவை 112 தாரணைகள், அதாவது கவனத்தை நிறுத்தும் வழிகள். அவற்றுள் முதலாவதே மூச்சு. உள்ளே இதயத்தில் ஒரு திருப்பம், வெளியே மூக்கிலிருந்து பன்னிரண்டு விரற்கடைத் தூரத்தில் இன்னொரு திருப்பம். இந்த இரண்டு இடங்களிலும் கவனத்தை நிறுத்தினால் நிறைவு நிலை கைகூடும் என்கிறது நூல்.

காஷ்மீரம் என்றதும் நமக்குச் சம்பந்தமில்லாத சங்கதி என்று எண்ணிவிட வேண்டாம். 1000ஆம் ஆண்டை ஒட்டி வாழ்ந்த காஷ்மீர சைவ ஆசான் அபிநவகுப்தரிடம் பாடம் கேட்க மதுரையிலிருந்து மதுராஜர் என்ற யோகி காஷ்மீர் வரை போயிருக்கிறார். திராட்சைத் தோட்டத்தின் நடுவே வீணையோடு வீற்றிருக்கும் குருவை அவர் வர்ணித்த சுலோகங்கள் இன்றும் கிடைக்கின்றன. எதிர்த்திசையிலும் போக்குவரத்து இருந்தது. காஷ்மீரத்துச் சைவ சித்தாந்திகள் எழுதிய உரை மரபை 12ஆம் நூற்றாண்டில் தமிழகத்தில் எடுத்து நடத்தியவர் அகோரசிவாசாரியார்.

இனி உடம்புக்கு வருவோம். வலது கை விரல்களை இடது மணிக்கட்டில் வைத்து நாடியைப் பிடியுங்கள். ஐந்து விநாடி நிதானமாக மூச்சை இழுங்கள், ஐந்து விநாடி விடுங்கள். நாலைந்து சுற்றுக்குள் விரல் நுனியிலேயே தெரியும்: இழுக்கும்போது துடிப்பு நெருங்கி வருகிறது, விடும்போது விலகிப் போகிறது. 1847இல் ஜெர்மானிய உடலியலாளர் கார்ல் லுட்விக் இதை நாய்களிடம் பதிவு செய்தார். வயதானவர்களுக்கு இந்த வேறுபாடு குறைவாக இருக்கும், பயப்பட வேண்டாம்.

ஏன் இப்படி? இதயத்துக்குத் தன் போக்கில் துடிக்கத் தெரியும். தனியே விட்டால் நிமிடத்துக்குச் சுமார் 100 முறை துடிக்கும். அதை 70க்கு இறக்கி வைத்திருப்பது மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியான முகுளத்திலிருந்து புறப்படும் வேகஸ் நரம்பு. அந்த நரம்புக்குக் கட்டளை தரும் நரம்பணுக்களுக்குப் பக்கத்திலேயே மூச்சை இயக்கும் அணுக்களும் இருக்கின்றன. மூச்சு உள்ளே போகும் நேரம் முழுவதும் இந்த மூச்சணுக்கள் வேகஸ் அணுக்களை அமுக்கி வைக்கின்றன. 1984இல் பூனைகளின் முகுளத்தில் ஒற்றை அணுக்களுக்குள் மின்முனை செலுத்தி இதை நேரடியாகவே அளந்தார்கள். உள்மூச்சு நின்றதும் அமுக்கம் விலகுகிறது, வேகஸ் அணுக்கள் ஒரேயடியாகக் கிளம்புகின்றன, இதயம் நிதானிக்கிறது. நூல் சொல்லும் உள் திருப்பம் எங்கே விழுகிறது என்று பாருங்கள்: சரியாக அந்த அமுக்கம் விலகும் கணத்தில். "இதயத்தில் திரும்புகிறது" என்று எழுதியவர் மின்முனையைக் கண்டதில்லை. தன் நெஞ்சை அவ்வளவு உன்னிப்பாகக் கவனித்திருக்கிறார் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

இதைவிட எனக்குப் பிடித்தது அந்தப் பத்து விநாடிக் கணக்கு. ஐந்து விநாடி இழுத்து ஐந்து விநாடி விடச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது.

கழுத்துத் தமனியிலும் இதயத்துக்கு மேலே வளையும் பெருந்தமனியிலும் இரத்த அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் உண்டு. அழுத்தம் ஏறினால் முகுளத்துக்குச் செய்தி போகும். முகுளம் இரண்டு வழியில் பதில் சொல்லும். வேகஸ் வழியே இதயத்தை நிதானப்படுத்துவது ஒன்று. இது ஒரு துடிப்புக்குள் நடந்துவிடும். பரிவு நரம்புகள் வழியே இரத்தக் குழாய்களைத் தளர்த்துவது மற்றொன்று, இது மெதுவானது. குழாய்ச் சுவரில் உள்ள தசை நிதானமாகத்தான் சுருங்கும், நிதானமாகத்தான் தளரும். கட்டளை கிளம்பியதிலிருந்து விளைவு முழுதாகத் தெரிய ஏறத்தாழ ஐந்து விநாடி ஆகிவிடுகிறது.

தாமதமாக வரும் பதில் எளிதில் ஒரு ஊசலாட்டத்தை உண்டாக்கிவிடும். லாட்ஜ் குளியலறையில் கீசர் குழாயைத் திருகினால் வெந்நீர் வர நேரமாகும். பொறுமையிழந்து இன்னும் திருகுவோம். கொதிக்கக் கொதிக்க வரும். அவசரமாகக் குறைப்போம்; சற்று நேரத்தில் சில்லென்று ஆகிவிடும். இரத்த அழுத்தமும் அப்படித்தான். அழுத்தம் இறங்கியதும் "குழாயை இறுக்கு" என்ற கட்டளை போகிறது, ஐந்து விநாடி கழித்து இறுக்கம் வருகிறது, அதற்குள் அழுத்தம் தேவைக்கு மேல் ஏறியிருக்கிறது, "தளர்த்து" என்ற கட்டளை போகிறது, அதுவும் ஐந்து விநாடி தாமதம். ஆக ஒரு முழுச் சுற்றுக்குப் பத்து விநாடி. நாம் உட்கார்ந்திருக்கும்போதும் நிற்கும்போதும் நம் இரத்த அழுத்தம் இப்படிப் பத்து விநாடிக்கு ஒருமுறை லேசாக ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. 1876இல் இதை முயல்களிடம் கண்ட சீக்மண்ட் மேயரின் பெயரால் மேயர் அலைகள் என்கிறோம். முயலுக்குச் சுற்று சுமார் மூன்று விநாடிதான். சிறிய உடம்பு, குறைந்த தாமதம், வேகமான அலை.

சாதாரணமாக நாம் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறோம், அதாவது மூன்று முதல் ஐந்து விநாடிக்கு ஒன்று. அந்த வேகத்தில் மூச்சின் ஏற்ற இறக்கமும் அழுத்தத்தின் ஏற்ற இறக்கமும் தனித்தனித் தாளத்தில் போகும். மூச்சைப் பத்து விநாடிக்கு ஒன்றாக நிதானப்படுத்தினால் இரண்டும் ஒரே தாளத்துக்கு வருகின்றன. பள்ளி இயற்பியலில் படித்த ஒத்ததிர்வுதான் இது. நாடியின் ஏற்ற இறக்கம் பெரிதாகிறது, அழுத்தத்தை உணர்ந்து பதில் சொல்லும் இந்தச் சுற்று வளையம் கூர்மையாகிறது.

யோகிகளின் மந்திரம் இந்தத் தாளத்தில் போய் உட்காருகிறதா என்று சோதித்துப் பார்த்தவர் இத்தாலிய மருத்துவர் லூசியானோ பெர்னார்டி. 2001இல் பிஎம்ஜே மருத்துவ இதழில் வந்த ஆய்வு அது. ஆரோக்கியமான 23 பேரை லத்தீன் மொழியில் ஜெபமாலை சொல்லவும், பௌத்த தந்திர மரபின் 'ஓம் மணி பத்மே' மந்திரத்தைச் சொல்லவும் வைத்தார். இரண்டிலுமே மூச்சு நிமிடத்துக்குச் சுமார் ஆறுக்கு வந்து நின்றது. அழுத்த வளையத்தின் கூர்மை 9.5லிருந்து 11.5 அலகாகக் கூடியது. எண்ணிப் பார்த்து மூச்சு விடுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. வாக்கியத்தின் நீளமே அந்த வேலையைச் செய்துவிட்டது. திபெத்திலும் ரோமிலும் இருந்த இரு மரபுகள் ஒரே பத்து விநாடிக்கு வந்து சேர்ந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது. சொல்லிச் சொல்லிப் பார்த்த தலைமுறைகள், உடம்புக்கு இதமாக இருந்த நீளத்தையே வைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

வெளித் திருப்பத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூச்சை முழுதாக விட்டபின் உதரவிதானம் ஓய்வில் இருக்கும். வெளியே எதுவும் நடக்காதது போலத் தோன்றும் அந்த இடைவெளியில், முகுளத்தில் 'முன்-போட்சிங்கர்' என்ற சிறு அணுக்கூட்டம் விழித்துக்கொள்கிறது. (ஜெர்மனியில் நடந்த ஓர் அறிவியல் கூட்டத்தில் பரிமாறப்பட்ட போட்சிங்கன் ஊர் ஒயினிலிருந்து வந்த பெயர்.) ஓர் அணு இன்னொன்றைத் தூண்டி, அது வேறு சிலவற்றைத் தூண்டி, ஒரு கட்டத்தில் மொத்தக் கூட்டமும் ஒன்றாக வெடிக்கும்போது அடுத்த மூச்சு பிறக்கிறது. 1991இல் ஜாக் ஃபெல்ட்மன் குழு கண்டுபிடித்த இடம் இது.

அங்கிருந்து மூச்சை இயக்கும் வேலையில் சேராத ஒரு கிளை மேலே போகிறது. மூளைத்தண்டில் 'லோகஸ் சேருலியஸ்' என்ற நீலநிறப் புள்ளி ஒன்று உண்டு. மூளை முழுவதற்கும் நார்அட்ரினலின் அனுப்பி நம்மை உஷாராக்குவது அதன் வேலை. 2017இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வில், இந்தக் கிளையை அனுப்பும் அணுக்களை மட்டும் எலிகளிடம் அழித்தார்கள். எலிகள் சாகவில்லை, மூச்சும் நிற்கவில்லை. புதுக் கூண்டில் விட்டால் மோப்பம் பிடித்து ஓடித் திரிய வேண்டியவை, ஒரு மூலையில் அமைதியாக உட்கார்ந்து உடம்பை நக்கிச் சுத்தம் செய்துகொண்டிருந்தன. மூச்சின் வேகத்தை மூளையின் உஷார் நிலையத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்த கம்பி அறுந்துவிட்டது, அவ்வளவுதான். மூச்சை வேண்டுமென்றே நிதானப்படுத்தும் மனிதரிடம் அதே கம்பி வழியே அமைதியான செய்தி போகிறது என்று கருத இடமிருக்கிறது.

இந்த நீலப்புள்ளி என்னை மீண்டும் விஞ்ஞான பைரவத்துக்கே கூட்டிப்போகிறது. மூச்சைத் தவிர அந்த நூல் பரிந்துரைக்கும் வேறு தருணங்கள் சில: தும்மலின் தொடக்கமும் முடிவும், திடீர்ப் பயம், ஆழமான கிணற்றை எட்டிப் பார்ப்பது, போர்க்களத்தை விட்டு ஓடுவது, வெகுநாள் கழித்து உறவினரைப் பார்ப்பது. கலவையான பட்டியலாகத் தெரியும். ஆனால் எதிர்பாராத ஒன்று எதிரே வந்து கவனம் சட்டென்று திரும்பும்போது நீலப்புள்ளி அணுக்கள் ஒன்றாகக் கிளர்கின்றன என்பதும், அப்போது மூளை தான் செய்துகொண்டிருந்ததை விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்குகிறது என்ற கருதுகோளும் நரம்பியலில் பழகியவை. அந்த நூலாசிரியர் உடம்பும் மனமும் திசை மாறும் கணங்களாகத் தேடித் தேடிப் பிடித்துக் கோத்திருக்கிறார் என்பது என் ஊகம். சோதித்துப் பார்க்கக் கூடிய ஊகம்தான்.

இவ்வளவும் சொன்னபின் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அபிநவகுப்தருக்கும் அவருடைய பரமகுரு, அதாவது குருவின் குரு, உத்பலதேவருக்கும் அமைதி குறிக்கோள் அல்ல. நீ ஏற்கெனவே சிவமாகத்தான் இருக்கிறாய், அதை அடையாளம் கண்டுகொள் என்பதே அவர்களின் பிரத்யபிக்ஞை தத்துவம். அறிபவன் யார் என்ற கேள்விக்கு நாடித்துடிப்பை அளந்து பதில் சொல்ல முடியாது. "விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது" என்று முழங்குபவர்கள் அந்தத் தத்துவத்தையும் சிறுமைப்படுத்துகிறார்கள், விஞ்ஞானத்தையும் சிறுமைப்படுத்துகிறார்கள்.

ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குவோருக்கும் ஒரு வேண்டுகோள். புதுச்சேரியில் சுமார் 11,000 சைவச் சுவடிகள் பாதுகாக்கப்படுகின்றன. 2005இல் யுனெஸ்கோ அவற்றை உலக நினைவுப் பட்டியலில் சேர்த்தது. அவற்றைப் படிக்கத் தெரிந்தவர்களையும் உடலியல் ஆய்வகம் நடத்துபவர்களையும் ஒரே மேசையில் உட்காரவைத்துப் பத்தாண்டு நிதி கொடுங்கள். யோகா தினமான ஜூன் 21இல் மைதானம் நிரம்புவது நல்லதே, ஆனால் அதிலிருந்து ஒரு தரவும் பிறப்பதில்லை.

கோவை வாசகிக்கு நடைமுறை ஆலோசனை. நீங்கள் சொல்லும் தாரணையில் மூச்சை அடக்கும் பேச்சே இல்லை. திரும்பும் இடத்தைக் கவனித்தால் போதும். 16 மாத்திரை (பழைய கால அளவு) இழுத்து, 64 அடக்கி, 32 விடச் சொல்லும் திருமந்திரக் கணக்கு வேறு பயிற்சி. மாத்திரையை ஒரு விநாடியாக வைத்தால்கூட ஒரு மூச்சு இரண்டு நிமிடத்தைத் தொடும். வகுப்பில் அதைப் புகுத்தினால் மறுத்துவிடுங்கள். இதய நோய், வலிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் எந்த மூச்சடக்கலும் செய்யக் கூடாது. நீண்ட நேரத் தியானத்தால் சிலருக்குக் கடும் பயமும் தூக்கமின்மையும் வருவதை 2017இல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்கள். அப்படி ஏதாவது தொடங்கினால் பயிற்சியை நிறுத்திவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். "குண்டலினி ஏறுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லும் ஆசிரியரிடம் திரும்பப் போகாதீர்கள்.