ஓவர்டைமுக்குத் தமிழில் எந்தச் சொல்?

"இன்று ஓ.டி. பார்க்கிறேன்" என்று ஒரு தொழிலாளி சொல்லும்போது அந்த இரண்டு எழுத்துகள் மூன்று பொருள்களைச் சுமக்கின்றன: வரையறுத்த நேரத்தைக் கடந்த பொழுது, அப்பொழுதில் செய்யும் வேலை, அவ்வேலைக்கு வரும் பணம். பேச்சில் இதனால் இடரில்லை. ஆனால் பணி ஒப்பந்தத்திலும் சம்பளச் சீட்டிலும் மூன்றையும் பிரித்தே எழுத வேண்டும்.

ஓவர்டைம் என்ற ஆங்கிலச் சொல்லில் 'ஓவர்' என்பது ஓர் எல்லையைத் தாண்டியதைக் குறிக்கிறது. எல்லை இருந்தால்தான் தாண்டுதலும் உண்டு. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1919இல் இயற்றிய முதல் உடன்படிக்கை, தொழிற்கூடங்களுக்கு நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என அந்த எல்லையை வகுத்ததோடு, விதிவிலக்காக அனுமதிக்கப்படும் கூடுதல் மணிகளுக்கு வழக்கமான கூலியைப் போல் ஒன்றேகால் மடங்குக்குக் குறையாமல் தரவேண்டும் என்றும் சொன்னது. பல நாட்டுச் சட்டங்கள் அதைவிட உயர்ந்த மடங்கை வைத்துள்ளன. களைத்த உடலின் உழைப்புக்கு மதிப்புக் கூட்டுவதோடு, வேலைநேரத்தை நீட்டுமுன் முதலாளியைக் கணக்குப் பார்க்க வைப்பதும் இந்த மடங்கின் வேலை.

தமிழில் மிகைநேரம், மேலதிக நேரம், கூடுதல் நேரம் ஆகிய மூன்றும் வழங்குகின்றன. இலங்கைத் தமிழில் 'மேலதிக நேரக் கொடுப்பனவு' நன்கு வேரூன்றிய தொடர். அங்கே அதை மாற்றத் தேவையில்லை. 'மிகைநேர ஊதியம்' தமிழ்நாட்டு அலுவலக நடையில் காணப்படுவது. எனக்கு இதில் இரண்டு தயக்கங்கள் உண்டு. முதலாவது, மிகை என்பதற்கு 'வேண்டாத கூடுதல்' என்ற பொருளும் பழையது. "உடம்பும் மிகை" என்று குறள் (345) சொல்வது அப்பொருளில்தான். கேட்டு வாங்கப்பட்ட உழைப்பை அச்சொல்லால் சுட்டுவது மனத்துக்கு ஒப்பவில்லை. இரண்டாவது தயக்கம் நடைமுறை சார்ந்தது: போனசுக்கு 'மிகை ஊதியம்' என்ற பெயர் ஏற்கெனவே நிலைத்துவிட்டதால், 'நேர' என்ற இரண்டெழுத்து விடுபட்டால் உழைத்துப் பெற்ற கூலி வேறொரு கணக்கில் போய் நிற்கும். ஆகவே கூடுதல் நேரம், கூடுதல் நேரப் பணி, கூடுதல் நேர ஊதியம் என மூன்று பொருளுக்கும் மூன்று தொடர்களை ஆள்வதே தெளிவு. கூலி என்று எழுதினாலும் குறையில்லை. "மெய்வருத்தக் கூலி" (619) என்ற குறள் தொடர் உடலுழைப்புக்கு உரியதை அச்சொல்லாலேயே சொல்கிறது.

ஓய்வுக்கான சொற்களில் மயக்கம் இன்னும் பெரிது. லீவு என்பதன் ஆங்கில மூலத்துக்கு 'அனுமதி' என்பதே பழம்பொருள். ஒருவர் விண்ணப்பித்து, மற்றவர் இசைந்து தருவது அது; தமிழில் விடுப்பு. (ஈழத்துப் பேச்சுவழக்கில் விடுப்பு என்றால் ஊர்வம்பு என்பதால், அங்குள்ளோர் இச்சொல்லைக் கேட்டுச் சிரிக்கக்கூடும்.) எல்லாருக்கும் பொதுவாக வேலை நிறுத்தப்படும் நாள் விடுமுறை. இவ்விரண்டிலும் சேராதது வார ஓய்வு: ஏழு நாளுக்குள் தொடர்ச்சியாக 24 மணி நேரம் என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1921ஆம் ஆண்டு உடன்படிக்கை தொழிற்கூடங்களுக்கு வகுத்தது. பேச்சில் மூன்றையும் லீவு என்றே சொல்லிப் பழகியதால், தமக்கே உரிய வார ஓய்வு நாளுக்கும் "லீவு வேண்டும்" என்று பலர் கெஞ்சிக் கேட்கிறார்கள். உரிமை அங்கே சலுகையாகச் சுருங்குகிறது. 'வீக் ஆஃப்' என்பதை 'வார ஓய்வு' என்றே எழுதினால் இந்தச் சறுக்கல் நேராது.

கூடுதலாகச் செய்த பணிக்குப் பதிலாகத் தரும் விடுப்பான 'காம்ப் ஆஃப்' என்பதற்கு ஈடுசெய் விடுப்பு என்ற தொடர் பொருத்தமானது. ஆனால் ஈடு என்றால் சமம் என்பதை நினைவில் வைக்க வேண்டும். ஒன்றரை மடங்கு ஊதியம் விதியாக உள்ள இடத்தில் 4 மணி நேரக் கூடுதல் பணிக்கு 6 மணி நேரக் கூலி சேரும். அதற்கு மாற்றாக 4 மணி நேர விடுப்பை மட்டும் கொடுத்தால், எஞ்சிய 2 மணி நேரக் கூலி தொழிலாளிக்கு வராமல் நிற்கிறது; அந்த விடுப்பை ஈடு என்று எழுத முடியாது.