சிங்க்: ஒத்தும் காப்பும்

“எல்லாம் சிங்க் ஆகிறதுதானே, பிறகேன் பயம்?” திருகோணமலையில் ஒரு கந்தோரின் 14 மின்னஞ்சல் கணக்குகளைப் பழைய வழங்கியிலிருந்து (அஞ்சல்களைச் சேமித்துத் தரும் ‘சேர்வர்’ கணினி) புதியதற்கு மாற்றிக்கொண்டிருந்தபோது, அங்கு வேலை செய்யும் ஒரு தங்கை என்னிடம் கேட்ட கேள்வி இது. கேட்டுவிட்டு, இடம் பிடிக்கிறது என்று கைபேசியிலிருந்தே தன் பழைய பெட்டியைத் துடைத்து விட்டார். மணிக்கொரு தடவை ஓடும் நிரல் அடுத்த மணியில் தன் கடமையைச் செய்தது. புதிய வழங்கியிலும் பெட்டி காலி, ‘பேக்கப்’ என்று நாங்கள் நம்பியிருந்த வட்டிலும் காலி. நிரலை அப்படி எழுதி வைத்தவன் நான்தான்.

கிரேக்கத்தில் ‘சின்’ என்றால் கூட, ‘குரோனோஸ்’ என்றால் காலம். இரண்டும் சேர்ந்து பிறந்த ‘சிங்க்ரனைஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லின் வால் நறுக்கப்பட்டதுதான் சிங்க். ஒரே நேரத்தில் ஒரே நிலையில் இருப்பது என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. பாதுகாப்பு என்ற பொருளை அதன்மேல் ஏற்றியவர்கள் நாம்.

தமிழில் ‘ஒத்திசைவு’. கைபேசியைத் தமிழில் வைத்திருப்பவர்கள் ‘ஒத்திசை’ என்ற பொத்தானைப் பார்த்திருப்பார்கள். ஒத்தல், இசைதல் இரண்டும் பொருந்துதலைக் குறிக்கும்; இசைதலுக்குச் சம்மதித்தல் என்றும் பொருள். ஒத்து என்பது ஒரு வாத்தியமும்கூட. சுருதிப்பெட்டி வருவதற்கு முன் நாதஸ்வரக்காரருக்குப் பக்கத்தில் நின்று, கன்னம் உப்ப, ஒரே சுருதியை விடாமல் ஊதுகிறவர் ஒத்துக்காரர். எதற்கும் தலையாட்டுகிறவனை ‘ஒத்து ஊதுகிறான்’ என்று ஏசுவது அதிலிருந்து வந்தது. எங்கள் நிரலும் ஒத்துத்தான் ஊதியது. அங்கே அழித்தால் இங்கேயும் அழி; ஏன் என்று கேட்காதே.

கைபேசியும் கணினியும் வழங்கியிலுள்ள அஞ்சல்களைப் பார்க்கப் பயன்படுத்தும் விதிமுறைதான் ஐமாப். மார்க் கிரிஸ்பின் 1986இல் உருவாக்கிய அந்த நெறிமுறையில் அஞ்சல்கள் வழங்கியிலேயே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் அந்தக் கோப்புறைக்குள் ஓர் எண் உண்டு. வழங்கி மாறினால் அந்த எண்ணும் மாறிவிடும். ஆகவே பழைய அஞ்சலும் புதிய அஞ்சலும் ஒன்றுதானா என்று பார்க்க, தலைப்பிலுள்ள ‘மெசேஜ்-ஐடி’ போன்ற வரிகளை ஒப்பிட வேண்டும். ஜில் லாமிரால் எழுதிய ‘ஐமாப்சிங்க்’ என்ற நிரல் அதைத்தான் செய்கிறது. வேடிக்கை என்னவென்றால், பெயரில் சிங்க் இருந்தாலும் அது இயல்பாக ஒருவழியில் நகலெடுப்பதோடு நின்றுவிடும். கேட்டுக்கொண்டால்தான் மறுபக்கத்தில் அழிக்கும். நான் அப்படிக் கேட்டு வைத்திருந்தேன்.

அஞ்சல்களை வழங்கி மாற்றும் இந்த வேலைக்கு ‘இடப்பெயர்வு’ என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். 2004இன் சுனாமியையும் 2006இல் மூதூர்ப் போரையும் கண்ட ஊரில் அந்தச் சொல்லை அஞ்சல் பெட்டிக்குச் செலவழிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆசிரியர்களுக்கு வருகிறதே, ‘இடமாற்றம்’, அது போதும். புதிய இடத்தில் பொறுப்பேற்கும்வரை பழைய இடத்தின் திறப்பைக் கையளிக்காமல் இருப்பதும் பொருத்தம்தான்: கந்தோர் முகவரிக்கு வரும் அஞ்சல் எந்த வழங்கிக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவைப் புதிய வழங்கிக்குத் திருப்பிய பிறகும், பழையதில் வந்து விழும் கடைசி அஞ்சல்களுக்காக நகலெடுப்பை இன்னும் ஓரிரு தடவை ஓட்ட வேண்டியிருக்கிறது.

‘கந்தோர்’ என்று எழுதியதற்கு யாராவது சண்டைக்கு வரலாம். ஒல்லாந்தர் விட்டுப்போன ‘கன்டோர்’ அது. தபால் கந்தோர் என்று சொல்லிச் சொல்லி நம் வீட்டுச் சொல்லாகிவிட்டது. கடன்சொல் என்பதற்காக நான் எதையும் விரட்டுவதில்லை. சிங்க்கோடு எனக்குள்ள மனத்தாங்கல், இரண்டு வேலைகளை ஒரே பெயரில் மூடி மறைக்கிறது என்பதே.

ஒத்திசைவு ஒரு வேலை; ‘பேக்கப்’ என்கிற இரண்டாவது வேலையின் பெயர் ‘காப்பு’. நூலின் முதலில் பாடுவதும் காப்பு, கேதார கௌரி விரதத்தின் முடிவில் மணிக்கட்டில் கட்டுவதும் காப்பு. ஒருநாள் கட்டியது, அந்த நாளுக்குரியதாகவே கையில் கிடக்கும். அஞ்சல் காப்பும் அப்படித்தான்: குறித்த நாளின் நிலை, பிறகு வழங்கியில் எது நடந்தாலும் அசையாது.

அந்தத் தங்கையின் அஞ்சல்கள் திரும்பி வந்தன, 13 நாட்களுடையவை தவிர. மேசை இழுப்பறையில் யாரோ மறந்து வைத்திருந்த ஒரு பழைய வட்டு காப்பாற்றியது. அது எதனோடும் ஒத்திசைக்கப்பட்டிருக்கவில்லை. இப்போது அங்கே நான்கு வட்டுகள், வாரத்துக்கு ஒன்றாகச் சுற்றுகின்றன. ஒவ்வொன்றிலும் திகதி எழுதிய துண்டு ஒட்டி, நகலெடுத்ததும் கழற்றி இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள்.