கடலைத் தட்டிப் பார்க்கும் கப்பல்

2021 டிசம்பரில் தென்னாப்பிரிக்கக் கடற்கரைகளில் மக்கள் பதாகைகளோடு திரண்டார்கள். ஷெல் நிறுவனத்துக்காக எண்ணெய் தேட 'அமேசான் வாரியர்' என்ற கப்பல் வந்திருந்தது. அது போகவிருந்த இடம், ஈஸ்டர்ன் கேப் மாகாணத்தின் வைல்ட் கோஸ்ட் கரையை ஒட்டிய கடல். இத்தனைக்கும் இன்னும் ஒரு துளைகூடப் போடவில்லை. பிறகு ஏன் அவ்வளவு கோபம்?

தேங்காயைத் தட்டி முற்றலா இளசா என்று பார்ப்போமே, அந்தக் கப்பல் செய்வதும் கிட்டத்தட்ட அதுதான். ஒளி கடல்நீருக்குள் சில நூறு மீட்டர் போவதற்குள் மங்கிவிடும். ஒலியோ நீரில் நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் வேகத்தில், காற்றில் போவதைப்போல நான்கு மடங்குக்கும் மேல், பாய்ந்து போகும். அதனால் கப்பல் தனக்குப் பின்னால், நீருக்குள் சில மீட்டர் ஆழத்தில், காற்றுத் துப்பாக்கிகளை இழுத்துக்கொண்டு போகிறது. வளிமண்டலத்தைவிடச் சுமார் 140 மடங்கு அழுத்தத்தில் அடைத்த காற்றை அவை சட்டென்று திறந்துவிடும். அந்த அதிர்வு கடலடித் தரைக்குள் புகுந்து, ஒவ்வொரு பாறை அடுக்கிலும் கொஞ்சம் கொஞ்சமாக எதிரொலித்துத் திரும்பும். கிலோமீட்டர் கணக்கில் நீளும் கேபிள்களில் உள்ள ஒலிவாங்கிகள் அதைப் பிடித்துக்கொள்ளும். எந்த எதிரொலி எவ்வளவு நேரம் கழித்து வந்தது என்று கணக்குப் போட்டால், பூமிக்கடியில் உள்ள அடுக்குகளின் படம் கிடைத்துவிடும்.

தேங்காயை நாம் ஓரிரு முறைதான் தட்டுகிறோம். இங்கே பத்து, இருபது நொடிக்கு ஒரு வெடிப்பு. 6,011 சதுர கிலோமீட்டரில், நான்கைந்து மாதங்களுக்கு இதைச் செய்வது திட்டம்.

பல திமிங்கிலங்கள் இரை தேடுவதும் குட்டியை அழைப்பதும் ஒலியால்தான். மீன்களும் சும்மா இருப்பதில்லை. நார்வேக்கு வடக்கே பேரண்ட்ஸ் கடலில் 1990-களில் நடந்த ஆய்வில், இப்படிச் சுட்ட பிறகு காட், ஹேடாக் மீன்களின் பிடிபாடு சராசரியாகப் பாதியாகக் குறைந்தது. சுடுவதை நிறுத்தி ஐந்து நாளாகியும் மீளவில்லை. 2017-ல் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று, 1.2 கிலோமீட்டர் தள்ளியிருந்த நீரில் மிதக்கும் நுண்விலங்குகளும் செத்ததாகச் சொன்னது. பின்னால் வந்த வேறொரு ஆய்வு, துப்பாக்கிக்கு வெகு அருகில் மட்டுமே சாவு அதிகம் என்றது. சரி, விவாதம் முடியவில்லை. முடியாதபோது முதலில் கையை எடுக்க வேண்டியது கப்பல்தான் என்பது என் கருத்து. சட்டத்தில் இதை முன்னெச்சரிக்கைக் கோட்பாடு என்பார்கள்.

அந்தக் கரையில் வாழும் அமாம்போண்டோ மக்களுக்கு இன்னொரு வலியும் இருந்தது. யாரும் அவர்களைக் கேட்கவில்லை. 2014-ல் கொடுத்த தேடல் உரிமைக்கான அறிவிப்பு, அவர்கள் பேசாத ஆங்கிலத்திலும் ஆப்பிரிக்கான்ஸிலும் செய்தித்தாள்களில் வந்தது. அவர்களுடைய பாரம்பரிய அரசர்களிடம் பேசியதே மக்களிடம் பேசியதாகக் கணக்காகிவிட்டது. எதிர்ப்பவர்கள் வளர்ச்சிக்குத் தடை போடுவதாகவும், இது ஒருவகை நிறவெறி, காலனியம் என்றும் கனிமவள அமைச்சர் குவேடே மன்டாஷே சாடினார். ஆனால் வழக்குப் போட்டவர்களில் அந்தக் கரையின் கறுப்பின மீனவர்களே இருந்தார்கள். அந்தக் கடலில் தங்கள் மூதாதையர் வாழ்கிறார்கள் என்பது அங்குள்ளவர்களின் நம்பிக்கை.

மகாண்டா உயர் நீதிமன்றம் அதையும் காதுகொடுத்துக் கேட்டது. டிசம்பர் 28-ல் ஆய்வுக்குத் தடை விதித்தது. 2022 செப்டம்பரில் உரிமையையே ரத்து செய்தது. 2024 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அனுமதி முறையற்றது என்றே சொன்னது. ஆனால் உரிமையைப் புதுப்பிக்கக் கேட்கும் வாசலை மூடாமல் விட்டது. அந்த வாசலை அடைக்கச் சொல்லி மக்கள் அரசியல் சாசன நீதிமன்றத்துக்குப் போனார்கள்.