கட்டிய எடுத்தாச்சு, பிரஷர் ஏன் முழுசா போகல?

எதிர்வீட்டு அத்தை போன ஞாயிறு கேட்டாங்க, "ஏன்பா, மாமாவுக்கு அட்ரினல் கட்டிய எடுத்து ஆறு மாசமாச்சு, இன்னும் ஒரு பிரஷர் மாத்திரை ஓடுது, கிட்னி ரிப்போர்ட்ல கிரியாட்டினின் வேற முன்ன விட ஏறிருக்கு, ஆப்பரேஷன்ல ஏதும் தப்பாயிடுச்சா?" எங்க ஊரு சுங்கை சிப்புட்ல இன்னும் பல வீட்டுல இதே கேள்வி இருக்கும், அதனால எழுதுறேன். கிரியாட்டினின்ங்கிறது கிட்னி வடிச்சு வெளிய தள்ளவேண்டிய ஒரு கழிவு; ரத்தத்துல அது ஏறினா கிட்னி சரியா வடிக்கலைன்னு அர்த்தம்.

கிட்னி மேல தொப்பி மாதிரி இருக்கிறதுதான் அட்ரினல் சுரப்பி. அதுல ஒரு சின்ன கட்டி வந்து அல்டோஸ்டிரோன் ஹார்மோனை அளவில்லாம சுரந்தா உடம்புல உப்பும் தண்ணியும் தங்கும், பொட்டாசியம் சிறுநீர்ல போயிடும், ரத்தக் கொதிப்பு ஏறும். அமெரிக்க டாக்டர் ஜெரோம் கான் 1955ல விவரிச்ச நோய் இது. 2017ல வெளிவந்த ஒரு பன்னாட்டு ஆய்வு, ஒரு பக்கத்து அட்ரினலை எடுத்த 705 பேரப் பார்த்துச்சு: ஹார்மோன் கணக்கு 94 சதவீதம் பேருக்கு சரியாச்சு, ஆனா மாத்திரையே இல்லாம பிரஷர் நார்மலானது 37 சதவீதம் பேருக்குத்தான். இன்னொரு 47 சதவீதம் பேருக்கு பிரஷர் குறைஞ்சுது, இல்ல மாத்திரை குறைஞ்சுது. பெண்களுக்கும் வயசு கம்மியானவங்களுக்கும்தான் முழுசா சரியாகுற வாய்ப்பு ஜாஸ்தி.

இப்ப கிட்னிக்கு வர்றேன், எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். உப்பும் தண்ணியும் தேங்கி பிரஷர் ஏறினப்போ கிட்னியோட வடிகட்டிங்க மேல அழுத்தம் கூடி, அதுங்க அளவுக்கு மீறி வடிச்சுக்கிட்டே இருக்கும், உள்ளுக்குள்ள வடிகட்டி ஒவ்வொண்ணா கெட்டுக்கிட்டு வந்தாலும் மிச்சம் இருக்கிறது ரெண்டு ஆள் வேலைய இழுத்துப் போட்டு செய்யுறதால ரிப்போர்ட் மட்டும் அழகா வரும். கட்டிய எடுத்ததும் அந்த அழுத்தம் இறங்குது, இவ்வளவு நாள் மறைஞ்சிருந்த சேதம் அப்பத்தான் கிரியாட்டினின் நம்பரா வெளிய தெரியுது. ஆப்பரேஷன் கிட்னியக் கெடுக்கல அத்தை, கெட்டிருந்ததைக் காட்டிக் கொடுத்துச்சு.

ரத்தக் குழாயும் அப்படித்தான். மாமா முப்பது வருஷம் பால்மரம், அதான் ரப்பர் மரம், சீவுனவர். கத்தி ஆழமாப் பட்டா அந்த இடத்துல புதுப்பட்டை முடிச்சு முடிச்சா வளரும், அப்புறம் சீவுறத நிறுத்தினாலும் முடிச்சு கரையாது. பதினஞ்சு வருஷ கொதிப்புல தடிச்சு இறுகிப்போன குழாய் ஆறு மாசத்துல இளகிடுமா?

அந்தப் பதினஞ்சு வருஷம்தான் எனக்கு ஆத்திரம். மாமாவுக்கு பொட்டாசியம் குறைஞ்சு கால் துவண்டப்போ செய்வினைன்னு சொல்லி கறுப்புக்கயிறு கட்டினாங்க, கயிறு கட்டின கையில ஒரு ஊசி குத்தி ரத்தம் எடுத்து அல்டோஸ்டிரோனும், அதைச் சுரக்கத் தூண்டுற கிட்னிப் பொருளான ரெனினும் எவ்வளவுன்னு பார்த்திருந்தா போதும். கொதிப்பு உள்ள நூறு பேர்ல அஞ்சு பேருக்காவது இந்த நோய் இருக்கும்னு ஆய்வுங்க சொல்லுது, அப்படின்னா காசை இந்த டெஸ்டுக்குத்தான் முதல்ல ஒதுக்கணும்னு நான் நினைக்கிறேன்.

மாமாவோட பிரஷர் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். ஆப்பரேஷனுக்கு முன்னாடி நாலு மாத்திரை, 178க்கு 104. போன வாரம் ஒரே மாத்திரை, 134க்கு 82.