காசு கொடுத்து வைத்த கைநாட்டு

திருப்பூரிலிருந்து ஒரு அம்மா எழுதியிருந்தார். மகளுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. பள்ளியில் பெற்றோர் கூட்டத்தன்று வராந்தாவில் மேசை போட்டு, விருப்பப்பட்டுப் பணம் கட்டியவர்களின் பிள்ளைகளுக்குப் பத்து விரலையும் ஸ்கேன் செய்திருக்கிறார்கள். ஒரு வாரம் கழித்து வழுவழுப்பான தாளில் கலர் கலராக ரிப்போர்ட் வந்தது. குழந்தைக்கு இசை அறிவு ‘மிக அதிகம்’, கணித அறிவு ‘குறைவு’. அவருடைய கேள்வி இது: “கணக்கு டியூஷனை நிறுத்திவிட்டு அவளைப் பாட்டு வகுப்பில் சேர்த்துவிடலாமா? ரேகை பொய் சொல்லாது என்கிறார்கள்.”

எழுதப் படிக்கத் தெரியாதவரை நம் ஊரில் ‘கைநாட்டு’ என்று கேலி செய்வார்கள். இப்போது பிள்ளையின் அறிவை அளக்கவே காசு கொடுத்துக் கைநாட்டு வைக்கிறோம். என் பாட்டிகூடச் சின்ன வயதில் என் விரல்களை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, எத்தனை சங்கு, எத்தனை சக்கரம் என்று எண்ணுவார். அவர் கட்டணம் வாங்கியதில்லை.

ஸ்கேன் செய்கிறவர்கள் சொல்லும் காரணம் அறிவியல் மாதிரியே இருக்கும். கருவில் மூளையும் தோலும் ஒரே அடுக்கிலிருந்து வருகின்றன, ஒரே காலகட்டத்தில் வளர்கின்றன, ஆகவே மூளையின் அமைப்பு விரல் நுனியில் பதிவாகிவிடுகிறது என்பார்கள். முதல் பாதி சரி. கருவின் புற அடுக்கிலிருந்துதான் மூளை, நரம்புகள், தோலின் மேற்பகுதி எல்லாம் வருகின்றன. ஆனால் நகமும் முடியும் பல்லின் எனாமலும்கூட அதே அடுக்கிலிருந்து வருகிறவைதான். பிள்ளைக்கு நகம் வெட்டிவிட்டு, ஐயோ இசை ஞானம் குப்பைக்குப் போயிற்றே என்று யாரும் பதறுவதில்லை.

அப்படியானால் ரேகை எப்படித்தான் வருகிறது? இந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்தது. கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

கர்ப்பத்தின் மூன்றாம் மாதத்தில் கருவின் விரல் நுனிகள் குட்டி மெத்தைகள் போலப் புடைத்திருக்கும். தோலில் ஒரு கோடுகூட இருக்காது. அந்த மாதம் முடிகிற தறுவாயில் மேல்தோலில் சில இடங்களில் செல்கள் மளமளவென்று பெருகி, வரிவரியாக உள்நோக்கி அமிழத் தொடங்கும். ஏறக்குறைய ஐந்தாம் மாதத்துக்குள் வடிவம் முடிவாகிவிடும். அப்புறம் விரல் வளரும், வடிவம் மாறாது.

இந்த வரிகள் தொடங்கும் விதத்தை எடின்பரோ பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட ஒரு குழு 2023-இல் விரிவாக வெளியிட்டது. அதில் எனக்கு முதல் ஆச்சரியம், ரேகையும் தலைமுடியும் ஒரே மாதிரி தொடங்குகின்றன என்பது. முடி முளைக்கப்போகும் இடத்தில் செல்களுக்குள் என்னென்ன சமிக்ஞைகள் ஓடுகின்றனவோ, பெரும்பாலும் அவையே இங்கும் ஓடுகின்றன. முடிக்கு அடியில் உள்தோலின் செல்கள் வந்து கூடி வேர்க்குழியைக் கட்டும். விரல் நுனியில் அவை வருவதில்லை. ஆக, ரேகை என்பது முடியாகத் தொடங்கி, முடியாக முடியாமல் நின்றுபோன ஒன்று.

சரி, ஏன் கோடு கோடாக வருகிறது? இதற்கான விடையை ஆலன் டூரிங் 1952-லேயே, தான் இறப்பதற்கு இரண்டு ஆண்டு முன்பு, காகிதத்தில் கணக்காகப் போட்டு வைத்திருந்தார். கணினியின் தந்தை என்று நாம் படித்த அதே டூரிங்தான். இரண்டு வேதிப்பொருள்கள் இருந்தால் போதும் என்றார். ஒன்று ஊக்கி, அது தன்னையும் பெருக்கிக்கொள்ளும், தடுப்பானையும் உண்டாக்கும். மற்றொன்று அந்தத் தடுப்பான். ஊக்கியை அடக்கும், ஆனால் ஊக்கியைவிட வேகமாக வெளியே பரவும்.

பிரியாணிக் கடையை வைத்து யோசித்தால் எளிது. ஒரு தெருவில் ஒரு கடை நன்றாக ஓடினால், அதைப் பார்த்து ஒட்டினாற்போல இன்னும் இரண்டு கடை முளைக்கும். மூன்றும் சேர்ந்து சுற்றுவட்டாரத்து வாடிக்கை முழுவதையும் இழுத்துக்கொள்வதால், கொஞ்சம் தள்ளிக் கடை போட்டவர் ஈ ஓட்டுவார். அந்த இழுப்பு எட்டாத தூரத்துக்குப் போனால் மறுபடி ஒரு கடைக் கூட்டம். ஊரை மேலிருந்து பார்த்தால் கூட்டம், காலி, கூட்டம், காலி என்று சீரான இடைவெளி தெரியும். யாரும் வரைபடம் போட்டு ஒதுக்கியதல்ல. விரல் தோலில் ‘விண்ட்’ என்ற சமிக்ஞை கடை திறக்கச் சொல்கிறது, ‘பி.எம்.பி’ என்பது அடக்குகிறது. ‘ஈடார்’ என்று மூன்றாவதாக ஒன்று விண்டுக்குத் துணை நிற்கிறது. சுண்டெலியின் விரலிலும் சின்னச் சின்னக் கோடுகள் உண்டு. ஈடார் வேலை செய்யாத எலிகளில் கோடுகளுக்குப் பதில் புள்ளிகள் வந்தன! கோடு புள்ளியாவது டூரிங்கின் கணக்கு அனுமதிக்கிற ஒன்றுதான். எலி விரலின் கோட்டை எண்ணுவதற்கா அரசுப் பணம் என்று கேட்பவர்கள் நம்மிடையே உண்டு. தாராளமாகக் கொடுக்கலாம் என்பது என் கட்சி.

இனி சங்கும் சக்கரமும். உழவில் ஏர் போட்ட முதல் கோட்டை ஒட்டித்தான் அடுத்த கோடு போகும். விரல் நுனியில் மூன்று இடங்களிலிருந்து உழவு தொடங்குகிறது: மெத்தையின் நடு, நகத்தை ஒட்டிய நுனி, மூட்டின் மடிப்பு. ஒவ்வொன்றிலிருந்தும் வரி வரியாகப் பரவி வந்து ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன. நடுவிலிருந்து கிளம்பிய உழவு முந்திக்கொண்டால் சுழி விழும், அதாவது பாட்டியின் சக்கரமோ (முழுவட்டமாகச் சுற்றுவது) சங்கோ (ஒரு பக்கமாக வளைந்து திரும்புவது). அது தாமதித்து, மற்ற இரண்டும் நிலத்தைப் பிடித்துக்கொண்டால் வில் போன்ற வளைவுதான் மிஞ்சும். மெத்தையின் உயரம், சாய்வு, எந்த உழவு எப்போது புறப்பட்டது என்பவற்றைப் பொறுத்தது பெரிய வடிவம். எந்தக் கோடு எங்கே கிளை பிரிகிறது, எங்கே அறுகிறது என்ற நுணுக்கமெல்லாம் தற்செயல். அதனால்தான் அச்சில் வார்த்தது போன்ற இரட்டையருக்கும் ரேகை ஒன்றாக இருப்பதில்லை.

பெரிய வடிவத்தில் மரபணுவுக்குப் பங்கு உண்டு. 2022-இல் 23,000 பேருக்கு மேல் ஆராய்ந்து பார்த்ததில், கை கால் வளர்ச்சியோடு தொடர்புள்ள மரபணுக்கள்தான் முன்னால் வந்து நின்றன. இரண்டு சுண்டு விரலிலும் சக்கரம் உள்ளவர்களுக்குச் சுண்டு விரல் சற்று நீளமாக இருக்கும் போக்கு தெரிந்தது. ஆகவே திருப்பூர் அம்மாவின் மகளுடைய ரேகை அவளுடைய விரல் நீளத்தைப் பற்றி ஏதோ கொஞ்சம் சொல்லக்கூடும். டவுன் சிண்ட்ரோம் போன்ற சில பிறவி நிலைகளில் கைரேகைகள் மாறுபடுவதும் உண்மை. அதற்குக் காரணம், அங்கே குரோமோசோம் மாற்றம் கையின் வளர்ச்சியையும் சேர்த்தே தொடுகிறது. அதிலிருந்து ‘இசை அறிவு மிக அதிகம்’ என்பதற்குத் தாவப் பாலம் எதுவும் இல்லை.

பாலம் கிடைக்காதா என்று தேடிப் பார்த்தவர் ஒருவர் இருந்தார். பிரான்சிஸ் கால்டன், இங்கிலாந்துக்காரர். 1884-இல் லண்டன் கண்காட்சி ஒன்றில் கூடம் அமைத்து, வந்தவர்களின் பார்வைக் கூர்மை, பிடிவலிமை எல்லாம் அளந்தவர். திறமை பிறப்பிலேயே எழுதப்பட்டது என்று உறுதியாக நம்பியவர். மனித இனத்தைத் ‘தரமுயர்த்த’ வேண்டும் என்ற விபரீத யோசனைக்கும் பெயர் சூட்டியவர். கைரேகை பற்றி 1892-இல் முழுப் புத்தகமே எழுதினார். அதற்காக அறிவியல் மாணவர்கள், பண்ணைக் கூலிகள், மனவளர்ச்சி குன்றியோர் என்று பல தரப்பினரின் ரேகைகளை ஒப்பிட்டார். குறிப்பிடும்படியான வித்தியாசம் எதுவும் இல்லை என்றுதான் அவரே எழுத வேண்டியிருந்தது. உலகத்திலேயே அந்தத் தொடர்பு கிடைத்திருந்தால் அதிகம் குதூகலித்திருக்கக்கூடிய ஆள் கையை விரித்துவிட்டார். நம் நாட்டிலும் இந்திய மனநல மருத்துவர் சங்கம் இந்தச் சோதனைக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று 2019-இல் அறிவித்தது. வியாபாரம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. வைத்தீஸ்வரன்கோயிலில் நாடி ஜோதிடம் பார்ப்பவர்கள் ஆணுக்கு வலது, பெண்ணுக்கு இடது என்று ஒரு கட்டைவிரலோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இவர்கள் பத்தையும் கேட்கிறார்கள், கூடவே ஸ்கேனர் வைத்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த வித்தியாசம் அவ்வளவுதான்.

அந்த ரிப்போர்ட்டில் இசை, கணிதம், மொழி என்று பிரித்திருப்பது மட்டும் ஒரு நிஜமான உளவியலாளரிடம் இரவல் வாங்கியது. ஹார்வர்டின் ஹோவர்ட் கார்ட்னர். பாஸ்டனில் மூளை அடிபட்ட முன்னாள் ராணுவத்தினரிடையே வேலை செய்தபோது, ஒரு திறன் போய் இன்னொன்று அப்படியே நிற்பதைப் பார்த்தார். பேச்சை இழந்தவர் பாடுவார். 1983-இல் ஏழு வகை அறிவுகளைப் பட்டியலிட்டார்: மொழி, தருக்கமும் கணிதமும், இடவடிவம், உடல் இயக்கம், இசை, பிறரை அறிவது, தன்னை அறிவது. பிற்பாடு செடி கொடி, உயிரினங்களை இனம் காணும் அறிவைச் சேர்த்து எட்டாக்கினார். உளவியலாளர்கள் பலர் இதை ஏற்கவில்லை. ஒரு பாடத்தில் நன்றாகச் செய்யும் பிள்ளைகள் பொதுவாக மற்றவற்றிலும் நன்றாகச் செய்யும் போக்கை 1904-லேயே சார்ல்ஸ் ஸ்பியர்மன் என்ற ஆங்கிலேய உளவியலாளர் காட்டியிருந்தார். அந்தத் தரவு இன்றுவரை அசையவில்லை. எட்டும் தனித்தனி அறைகள் என்பதற்கான சான்று பலவீனமானது என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் கார்ட்னரின் குழு குழந்தைகளைப் பார்த்த விதம் எனக்குப் பிடிக்கும். 1980-களில் மழலையர் பள்ளியில் வைத்துச் செய்த ஒரு திட்டத்தில், கையால் சுற்றி உணவு அரைக்கும் இயந்திரத்தைக் கொடுத்து, கழற்றி மறுபடி மாட்டச் சொன்னார்கள். விரலில் மை தடவவில்லை. அந்த விரல் திருகாணியை எந்தப் பக்கம் திருப்புகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள்.

‘கணித அறிவு குறைவு’ என்ற வரிக்கு வருவோம். பிரேசிலின் ரெசிஃபே நகரத் தெருக்களில் பெற்றோரோடு வியாபாரம் செய்யும் ஐந்து சிறுவர் சிறுமியரிடம் ஆய்வாளர்கள் வாடிக்கையாளர் போலப் போய்ச் சாமான் கேட்டார்கள். அதில் தேங்காய் விற்ற 12 வயதுப் பிள்ளை ஒன்று. ஒரு தேங்காய் 35 குரூசேரோ, அதாவது அன்றைய பிரேசில் பணம். பத்து வேண்டும், எவ்வளவு? பிள்ளை கொஞ்சம் யோசித்து, மூன்று 105, இன்னொரு மூன்று சேர்த்தால் 210, இன்னும் நான்கு வேண்டும், 315… 350 என்று வந்து நின்றது. பத்தால் பெருக்க ஒரு பூஜ்யம் போடு என்று நாம் படித்த வழி அங்கே இல்லை. மூன்று மூன்றாக விற்றுப் பழகிய கை, மூன்று மூன்றாகவே எண்ணுகிறது. தெருவில் அந்த ஐவரின் விடைகளில் 98 சதவீதம் சரி. பிற்பாடு அதே எண்களைத் தாளில் வெறும் கணக்காகக் கொடுத்தபோது 37 சதவீதம்தான். 1985-இல் வெளியான ஆய்வு இது.

ஐந்து பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். 2025-இல் பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்ட குழு கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் 1,400-க்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் இதையே பெரிதாகச் செய்து பார்த்தது. அங்கும் கடையில் சில்லறையைக் கச்சிதமாகக் கொடுத்தவர்கள் பள்ளிக் கணக்கில் தடுமாறினார்கள். பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளிடம் தலைகீழ்: தாளில் போட்டவர்களுக்குச் சந்தைக் கணக்கு ஓடவில்லை. இவர்களில் யாருக்குக் கணித அறிவு ‘குறைவு’ என்று எழுதுவீர்கள்? எங்கே நின்று கேட்டோம் என்பதைப் பொறுத்து ஒரே பிள்ளைக்கு இரண்டு ரிப்போர்ட் எழுதலாம்.

திருப்பூர் அம்மாவுக்கு: டியூஷன் அவளுக்குப் பிடிக்கவில்லை என்றால் அதற்காக நிறுத்துங்கள், ரேகைக்காக வேண்டாம். பாட்டு பிடித்திருந்தால் அதையும் சேர்த்துப் பாடட்டும். ஒரு சனிக்கிழமை காய்கறி வாங்கப் போகும்போது பையையும் நூறு ரூபாயையும் அவளிடம் கொடுத்துவிட்டு, நீங்கள் இரண்டடி பின்னால் நில்லுங்கள். உதட்டுக்குள் என்ன முணுமுணுக்கிறாள், விரல் மடக்குகிறாளா, கடைக்காரர் கொடுத்த மிச்சத்தைச் சரிபார்க்கிறாளா என்று பாருங்கள். தப்பாகச் சொன்னாலும் எப்படி வந்தாள் என்று கேளுங்கள். அப்படிப் பார்த்தும் எண்களோ எழுத்துகளோ அவளுக்கு விடாமல் குழம்பிக்கொண்டே இருந்தால் குழந்தை மனநல நிபுணரிடம் கூட்டிப்போக வேண்டியிருக்கும்; வராந்தா மேசை போடும் பள்ளிகள் பலவற்றில் அதற்கு ஆள் கிடையாது என்பது என் தீராத கோபம்.

வீட்டுக்கு வந்ததும் மை பேட் ஒன்றும் பூதக்கண்ணாடி ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். மகளின் விரல்களையும் உங்கள் விரல்களையும் ஒரே தாளில் பதியுங்கள். சங்கோ சக்கரமோ இருக்கும் விரலில், சுழியின் ஓரமாகக் கோடுகள் மூன்று திசையிலிருந்து வந்து ஒரு குட்டி முக்கோணத்தில் முட்டி நிற்கும். அங்கேதான் அவள் உங்கள் வயிற்றில் நான்கைந்து மாதமாக இருந்தபோது மூன்று உழவும் சந்தித்தன. சக்கரத்துக்கு இரண்டு முக்கோணம், சங்குக்கு ஒன்று. வில்லில் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. ஏன் கிடைக்காது என்று அவளிடமே கேட்டுப் பாருங்கள்.