கவர்னர்: சுக்கான் பிடித்தவரின் பெயர்

கல்யாண மண்டபத்தில் கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. மேடை விளக்குகள் பளிச்சென்று ஏறும், மங்கும், மறுபடி ஏறும். பின்பக்கம் போய்ப் பார்த்தால் இன்ஜின் சத்தமும் அதே தாளத்தில் ஏறி இறங்கியது. மெக்கானிக் கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக் கேட்டார். "ஹண்டிங் அடிக்குதுங்க, கவர்னர் பிடிக்குது" என்றார். இன்ஜினை நிறுத்தி, டீசல் பம்புக்குப் போகும் ஒரு சின்னக் கம்பியை விரலால் தள்ளிக் காட்டினார். அழுக்கேறி, தயங்கித் தயங்கித்தான் நகர்ந்தது. துடைத்து, எண்ணெய் விட்டு, மறுபடி ஓட்டியதும் விளக்குகள் அசையாமல் நின்று எரிந்தன.

ராஜ்பவனில் இருப்பவரும் கவர்னர், டீசல் இன்ஜினுக்குள் வேகத்தைச் சீராக வைக்கும் கருவியும் கவர்னர். இரண்டுக்கும் எப்படி ஒரே பெயர் வந்தது?

மூலச்சொல் கிரேக்க மொழியில் இருக்கிறது. 'கூபெர்னேதேஸ்' என்றால் கப்பலில் சுக்கான் பிடிப்பவர். லத்தீனில் அது 'குபெர்னாத்தோர்' ஆனது. நாட்டையே ஒரு கப்பலாகப் பார்த்தவர்கள், அதை நடத்துபவருக்கும் அந்தப் பெயரையே வைத்தார்கள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது 'கவர்னர்' ஆகிவிட்டது. ஆக, ஆட்சி என்ற பொருள் பிந்தி வந்தது. முதலில் இருந்தது கடலும் சுக்கானும்தான்.

சுக்கான் பிடிப்பவர் ஒருமுறை திருப்பிவிட்டு உட்கார்ந்துவிட முடியாது. போகவேண்டிய திசையையும் பார்க்கவேண்டும், இப்போது போகும் திசையையும் பார்க்கவேண்டும். வித்தியாசம் எவ்வளவோ அவ்வளவு திருப்பவேண்டும். அப்புறம் மறுபடி பார்க்கவேண்டும். 1788இல் ஜேம்ஸ் வாட் நீராவி இன்ஜினில் பொருத்திய கவர்னர் செய்ததும் இதே வேலை. சுழலும் தண்டில் இரண்டு இரும்புக் குண்டுகள். வேகம் கூடினால் குண்டுகள் விரிந்து மேலே ஏறும், நீராவி வால்வு கொஞ்சம் மூடும். வேகம் குறைந்தால் குண்டுகள் இறங்கும், வால்வு திறக்கும். இந்த அமைப்பை வாட் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. மாவு அரைக்கும் காற்றாலைகளில் முன்பே இருந்ததைத்தான் இன்ஜினுக்குக் கொண்டுவந்தார்.

அப்படியானால் வேகம் ஏறி இறங்கும் இந்த ஹண்டிங் ஏன் வருகிறது? வேகம் குறையும்போது கம்பி இறுகியிருந்தால் கவர்னரின் கட்டளை தாமதமாகப் போய்ச் சேரும். அதற்குள் வேகம் இன்னும் இறங்கியிருக்கும். அதனால் டீசல் அதிகமாகப் பாய்ந்து, வேகம் அளவைத் தாண்டும். இப்போது குறைப்பதற்கும் அதே தாமதம். இன்ஜின் சரியான வேகத்தைத் தேடித் தேடிக் கடந்துபோய்க்கொண்டே இருக்கும். 'வேட்டை' என்று பெயர் வைத்தவர்கள் சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள். இந்த ஆட்டம் எப்போது தானாக அடங்கும், எப்போது வளர்ந்துகொண்டே போகும் என்று 1868இல் ஒரு கட்டுரையில் கணக்குப் போட்டுக் காட்டினார் இயற்பியலாளர் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல். கட்டுப்பாட்டுப் பொறியியல் என்ற துறைக்கு அந்தக் கட்டுரையைத்தான் தொடக்கம் என்கிறார்கள். மண்டபத்து மெக்கானிக் காதால் கேட்டுக் கண்டுபிடித்த கோளாறு, மாக்ஸ்வெல் சமன்பாட்டில் பிடித்த அதே சங்கதி.

இயந்திரங்களிலும் உயிர்களிலும் கட்டுப்பாடு எப்படி நடக்கிறது என்று ஆராயும் தன் புதிய துறைக்கு, 1947இல் அமெரிக்கக் கணிதவியலாளர் நார்பர்ட் வீனர் பெயர் தேடியபோது மாக்ஸ்வெலின் இந்தக் கட்டுரையை நினைத்து, கவர்னரின் கிரேக்க மூலத்துக்கே திரும்பினார். அப்படிப் பிறந்ததுதான் 'சைபர்நெடிக்ஸ்'. சைபர் கிரைம் என்கிறோமே, அந்தச் 'சைபர்' இதிலிருந்து வந்தது. பூஜ்யத்தைக் குறிக்கும் 'சைபர்' வேறு, அது அரபியிலிருந்து வந்தது.

சரி, தமிழில் என்ன சொல்வது? இயந்திரத்துக்கு 'ஆளுநர்' பொருந்தாது. '-நர்' என்ற விகுதி மனிதரைத்தான் குறிக்கும். பஸ்ஸில் மாட்டும் கருவியை 'வேகக் கட்டுப்பாட்டுக் கருவி' என்று செய்தித்தாள்கள் எழுதுகின்றன. அது வேகம் ஒரு எல்லையைத் தாண்டாமல் தடுப்பதோடு சரி. ஜெனரேட்டர் கவர்னரோ குறைந்த வேகத்தைக் கூட்டவும் செய்கிறது. அதற்கு 'வேகச் சீராக்கி' தெளிவான சொல். பட்டறையில் சொன்னாலும் புரியும்.

கிரேக்க மூலச்சொல்லின் பொருளுக்கு நேரான சொல்லும் நம்மிடம் உண்டு: நீகான். அகநானூற்றின் 255ஆம் பாட்டில், மாடத்தின் மேல் எரியும் விளக்கைப் பார்த்துத் திசை அறிந்து, பெரிய வங்கத்தை, அதாவது கப்பலை, துறை நோக்கிச் செலுத்துகிறான் நீகான். மதுரை மருதன் இளநாகனார் பாடியது. குறி, பார்வை, திருத்தம் மூன்றும் அந்த ஒரு காட்சியில் இருக்கின்றன. படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

பழைய சொல் என்ற ஆசையில் மட்டும் இதைச் சொல்லவில்லை. மின்கட்டமைப்பு ஆராய்ச்சியில் இப்போது அதற்கு உண்மையான தேவை வந்திருக்கிறது. அனல்மின் நிலையத்தில் சுழலும் டர்பைனின் வேகத்தைக் கவர்னர் பிடித்துக்கொள்ளும், அதனால் மின்சாரத்தின் அலைவெண் 50 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 50 அலைகளில், நிற்கும். சோலார் பலகையிலும் பேட்டரியிலும் சுழல எதுவும் இல்லை. அவை தரும் நேர்மின்சாரத்தை மாறுமின்சாரமாக்கும் இன்வெர்ட்டர்கள் பெரும்பாலும், கட்டமைப்பில் ஏற்கெனவே ஓடும் அலையைப் பார்த்து அதன் பின்னாலேயே போகும். எல்லாரும் பின்னால் போனால் முன்னால் யார் போவது? அதனால் அலையைத் தானே உருவாக்கி, அலைவெண் இறங்கினால் உடனே கூடுதல் மின்சாரம் தரும் இன்வெர்ட்டர்களை வடிவமைக்கிறார்கள். தெற்கு ஆஸ்திரேலியாவின் ஹார்ன்ஸ்டேல் பேட்டரி நிலையம், 150 மெகாவாட், 2022இல் இந்த முறைக்கு மாறியது. குண்டுகள் செய்த வேலையை அங்கே மென்பொருள் செய்கிறது.

சுழற்சியே இல்லாத இடத்தில் 'வேகச் சீராக்கி' பொருளிழந்துவிடுகிறது. பின்னால் போகும் வகையைத் 'தொடர் இன்வெர்ட்டர்' என்றும், அலையை உருவாக்கி நடத்தும் வகையை 'நீகான் இன்வெர்ட்டர்' என்றும் நான் எழுதத் தொடங்கியிருக்கிறேன்.